மைதானத்தில் யாரைக் காணவில்லை? விளையாட்டும் சமவாய்ப்பும் குறித்துக் குமரி மாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழகத்தின் முதல் மாவட்டமாக நின்றது கன்னியாகுமரி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஒரு தாயிடம் எடுத்துச் சொல்லவேண்டிய காலம் இங்கே எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே, இந்த மாவட்டத்தில் கல்வியில் சமவாய்ப்பு என்று பேசத் தொடங்கினால், பிள்ளை பள்ளிக்குள் வந்துவிட்டதா என்ற கேள்வியோடு நின்றுவிட முடியாது. வந்த பிள்ளைக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு மதிப்பெண் பட்டியலைவிட விளையாட்டு நேரமே நல்ல இடம் என்பது, தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனது அனுபவம். வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். யார் சேர்த்தி, யார் விலக்கு என்பது கண்ணுக்குத் தெரியாது. மணி அடித்து வெளியே விட்ட ஐந்தாவது நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கும் உரியது. ஒரு கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கக்கூடிய வரிசையில் படிகளை அமைத்திருக்கிறேன்.

தொடங்குமுன் இரண்டு செய்திகள்

விளையாட்டு என்று இங்கே சொல்வது பரிசுக் கோப்பைக்கான போட்டியை மட்டும் அன்று. பிள்ளைகள் தாங்களே விதி வகுத்து ஆடும் ஆட்டம், ஆசிரியர் முன்னின்று நடத்தும் ஆட்டம், பாடத்தோடு சேர்ந்த ஆட்டம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். வேறு நேரத்தில் அரை நிமிடம் சும்மா நிற்காத பையன், கண்ணாமூச்சி ஆடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் அசையாமல் நிற்பான். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி விளையாட்டைப் பற்றி எழுதியதன் சாரமும் இதுதான்: ஆடும்போது குழந்தை தன் வயதைக் காட்டிலும் ஒரு தலை உயரமாகிவிடுகிறது. அடக்கம், காத்திருத்தல், விதிக்குக் கட்டுப்படுதல் என்று நாம் அதட்டிச் சொல்லிக் கொடுக்க முயல்வதையெல்லாம் பிள்ளை ஆட்டத்தில் தானாகவே பழகிக்கொள்கிறது.

இரண்டாவது செய்தி, இது யாருடைய தயவும் இல்லை என்பது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் விளையாட்டு மைதானத்தையும் விளையாட்டுப் பொருள்களையும் பள்ளிக்கு இருந்தே தீரவேண்டியவை என்று வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு மற்றவர்களோடு சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் கூறு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது. “விளையாட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொல்லும் கூட்டத்தில் இந்த மூன்றும் கையில் இருக்கட்டும்.

முதல் படி: ஒரு வாரம் எண்ணுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஐந்து பள்ளி நாள்கள், இடைவேளையிலும் உடற்கல்வி நேரத்திலும், மைதானத்தின் ஓரத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் வகுப்புப் பிள்ளைகளை மூன்று பத்திகளில் குறியுங்கள்: ஆடுபவர், ஓரத்தில் நிற்பவர், மைதானத்திலேயே காணப்படாதவர். பிள்ளைகளிடம் எதற்காக எழுதுகிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் அன்று எல்லோரும் ஓடுவார்கள்.

வார முடிவில் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால், மைதானத்தின் நடுவிடம் எந்நாளும் ஒரே எட்டுப் பத்துப் பையன்களிடம் இருப்பதையும், ஆறாம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளைகள் மரநிழலை விட்டு நகராததையும், காணாமற்போனவர்கள் அறைக்குள்ளோ ஆசிரியர்கள் ஏவிய வேலையிலோ இருப்பதையும் பெரும்பாலும் காண்பீர்கள். குடத்தில் தண்ணீர் எடுத்துவர, கரும்பலகை துடைக்க, டீ வாங்கிவர என்று யாரை அனுப்புகிறோம் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள். எந்தத் தெருப் பிள்ளை, எந்த வீட்டுப் பிள்ளை என்பது அதில் தெரியவரும்போது சிலருக்கு மனம் கனக்கும், கனக்கத்தான் வேண்டும்.

நான் முதன்முறை எண்ணியது முப்பத்துநான்கு பிள்ளைகள் இருந்த நான்காம் வகுப்பில். மைதானத்தில் காணாத ஒன்பது பேரில் ஐந்து பேரை உள்ளே உட்காரவைத்திருந்தது நான்தான். வீட்டுப்பாடம் முடிக்காதவர்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறியவர்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு விளையாட்டையும் பறித்துவிட்டு, இரண்டிலும் அவன் பின்தங்கியிருக்கிறான் என்று பெற்றோர் கூட்டத்தில் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: நேரத்தைக் காப்பாற்றுங்கள்

நேரம் இல்லை என்ற பதிலைச் சட்டத்தின் கணக்கே ஏற்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல்; 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சிறிய வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரமும், பெரிய வகுப்புகளுக்கு நாலரை மணிக்குச் சற்று மேலும் வருகிறது. காலையில் திறந்து மாலையில் மூடும் பள்ளியில் விளையாட்டுக்கு இடமில்லாமல் போவதற்குக் காரணம் நேரக்குறைவு ஆகாது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பள்ளி அதில் பாதியையாவது தரலாம்.

செய்ய வேண்டியவை மூன்று. வீட்டுப்பாடம், சேட்டை, தாமதம் ஆகிய எதற்கும் தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிப்பதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவுசெய்து பதிவேட்டில் எழுதுங்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ கடன் கொடுத்தால், அதே வாரத்தில் திருப்பித் தரவேண்டும் என்று விதி வையுங்கள். கடனைத் திருப்பவேண்டும் என்றவுடன் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள். மூன்றாவது நமது மாவட்டத்துக்கே உரியது: மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைக்கும்போது, விடுபட்ட நாளின் கால அட்டவணையை விளையாட்டோடு சேர்த்து அப்படியே நடத்துங்கள்.

மூன்றாம் படி: இடம்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனில் பள்ளி திறக்கும்போதே சாரல் தொடங்கிவிடும்; ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். எனவே ஒவ்வொரு பள்ளிக்கும் வெயில் திட்டம் ஒன்றும் மழைத் திட்டம் ஒன்றும் வேண்டும். மழை நாளில் வராந்தாவை எந்த வகுப்பு எப்போது பயன்படுத்தும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால், தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பாண்டி எல்லாம் அங்கேயே நடக்கும்.

மைதானத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பிரியுங்கள். சிறிய வகுப்புகளுக்கென்று ஒரு மூலையாவது நிரந்தரமாக இருக்க வேண்டும். தென்னை நிற்கும் மைதானமாக இருந்தால் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் காலத்தில் இறக்கிவிடுங்கள். கிணற்றுக்கு மூடி, புதருக்குக் கத்தி, கைகழுவத் தண்ணீர். இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

நான்காம் படி: பொருளும் பணமும்

மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்ட விதிகளில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரையும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய் வரையும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரையும் ஒதுக்க இடம் உண்டு. பணம் வரும் காலம் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதை நம்பி ஆண்டைத் தள்ளிப்போட வேண்டாம். வந்தால், விலையுயர்ந்த கிரிக்கெட் மட்டை ஒன்று வாங்குவதைவிட, பல அளவுகளில் பத்து ரப்பர் பந்து, ஸ்கிப்பிங் கயிறு, வளையம் என்று வாங்குங்கள். ஒரு பந்து இருந்தால் அது வலுத்தவன் கையில்தான் இருக்கும். வாங்கிய பொருளை அலமாரியில் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேய்ந்து போன பந்துக்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

பெற்றோரிடம் விளையாட்டுச் சீருடைக்கோ ஷூவுக்கோ பணம் கேட்கும் மாதத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குமரியின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குப் பகுதியில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதாவது, பள்ளி திறந்து நாம் பட்டியல் கொடுக்கும் அதே வாரத்தில் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் படகு கரையில் கிடக்கிறது. மேற்கு மலையோரத்தில் பெருமழை பெய்தால் ரப்பர் பால்வெட்டும் தடைப்படும். ஷூ இல்லாத பிள்ளை பி.டி. பீரியடில் வகுப்பறையில் உட்காருகிறதென்றால், அதை உட்காரவைத்தது பள்ளியின் விதி. வெறுங்காலோடு எல்லோரும் ஆடக்கூடிய ஆட்டங்களை அந்த இரண்டு மாதங்களுக்கு வையுங்கள். தடைக்காலத்தில் தந்தைமார் வீட்டில்தான் இருப்பார்கள் என்பதால், அவர்களில் வலை பின்னத் தெரிந்த ஒருவரை அழைத்து, கூடைப்பந்து வளையத்துக்கோ கோல் கம்பத்துக்கோ பிள்ளைகளின் முன்னால் வலை பின்னச் செய்யலாம். கடைவலையைவிட அது உழைக்கும்.

ஐந்தாம் படி: ஆள் பிரிக்கும் முறையை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

இரண்டு தலைவர்கள் நடுவில் நின்று மாறிமாறிப் பெயர் சொல்லி ஆள் எடுப்பதே நமது பள்ளிகளில் வழக்கம். நன்றாக ஆடுபவன் முதலில் போவான், அப்புறம் அவன் தெருக்காரன், அப்புறம் உறவுக்காரன். கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சும். நான் பார்த்த ஒரு நாள், அந்தக் கடைசிப் பெண் பிள்ளை, யாரும் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே, “டீச்சர், நான் ஸ்கோர் எழுதுதேன்” என்று ஓடிவந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். எட்டு வயதில் அவ்வளவு சாமர்த்தியமாக மானத்தைக் காத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். எத்தனை நாள் அப்படி எழுதினாள் என்று பின்னர் எண்ணிப் பார்க்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

இதற்கு மருந்து நம் ஊர் ஆட்டத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் உத்தி பிரிப்பார்கள். ஏறத்தாழ ஒரே திறமையுள்ள இருவர் இருவராகச் சேர்ந்து, தோளில் கைபோட்டுச் சற்றுத் தள்ளிப் போய், ஒருவர் மல்லி, ஒருவர் பிச்சி என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “மல்லி வேணுமா, பிச்சி வேணுமா?” என்று கேட்டால், யார் எந்தப் பூ என்று தெரியாமலே தலைவன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு அணியும் சமமாக அமைகிறது, யாரும் மிஞ்சுவதில்லை, யாரையும் யாரும் ஒதுக்கியதாக ஆவதுமில்லை. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால், மிஞ்சியவர் முதல் பாதியில் ஓரணிக்கும் மறு பாதியில் மற்றோரணிக்கும் ஆடட்டும்.

கூடவே ஒரு சொல்லையும் நாம் கைவிட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் பெயருக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளப்படும் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணி என்போம். கேலியாகச் சொல்லிச் சொல்லி அதன் கூர்மை நமக்குத் தெரியாமல் போய்விட்டது. கால் இயலாத பிள்ளையின் காதில் விழும்போது அது வேறு சொல்.

ஆறாம் படி: பெண் பிள்ளைகள்

தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களில் கால்பந்து மூச்சோடு கலந்தது. இரவிபுத்தன்துறையிலிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை ஆடியதை அங்கே சிறு பையனும் சொல்வான். அதே மணலில் எத்தனை பெண் பிள்ளைகளுக்குப் பந்து கிடைத்தது என்று கேட்டால்தான் பதில் தயங்கும். வாரத்தில் இரண்டு நாள் மைதானத்தின் நடுவிடம் பெண் பிள்ளைகளுக்கு முதலில் என்று எழுதி வையுங்கள். மிச்சமிருந்தால் தருகிறோம் என்ற ஏற்பாட்டில் மிச்சம் இருப்பதே இல்லை. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் தண்ணீரும் இல்லாமல், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளையை ஏன் ஆடவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. கூச்சம் உள்ளவர்களுக்குக் கிளித்தட்டு நல்ல தொடக்கம்: செலவில்லை, கோடு போதும், வேகமாக ஓடத் தெரியாதவள்கூடக் குறுக்குக் கோட்டில் காவல் நின்று அணியை வெல்லவைக்கலாம்.

ஏழாம் படி: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்

பிள்ளைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றுவதே இங்கே வழி. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால் பந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுங்கள். உருளும்போது அந்தச் சரசரப்பே அதற்கு வழிகாட்டும். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு கொடியும் அசையட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மணலில் வழி கிடையாது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தே ஆடும் எறிபந்து எல்லோருக்கும் வைக்கலாம், அதில் ஓடுபவனுக்கு எந்த மேலதிக வசதியும் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரையும் இயன்முறை மருத்துவரையும் வகுப்பறைக்கு மட்டும் அழைத்துச் செல்லாமல், மைதானத்துக்கும் ஒருநாள் அழைத்து வந்து காட்டுங்கள்.

எட்டாம் படி: வகுப்பறைக்குள் கொண்டுவருதல்

பதினான்கு தேங்காய்ச் சிரட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கினால் பல்லாங்குழி தயார். குழிக்கு ஐந்தாக எழுபது முத்துகள். மலையோரப் பள்ளியில் நாங்கள் ரப்பர்க் கொட்டையைப் பயன்படுத்தினோம்; பிள்ளைகள் காலையில் பை நிறையப் பொறுக்கி வருவார்கள். அதைப் பச்சையாகத் தின்றால் நச்சு என்பதால் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புளியங்கொட்டைதான் கொடுக்க வேண்டும். குன்றிமணியை எந்த வயதுக்கும் கொடுக்காதீர்கள். அதன் விதை கடும் நஞ்சு.

ஐந்தாம் வாய்பாடு ஒப்பிக்க வராத மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், இந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று விரலை நீட்டாமலே சொல்லத் தொடங்கியதை அந்த வகுப்பில் பார்த்தேன். தாத்தாவோடு ஆடிப் பழக்கமாம். மற்றப் பிள்ளைகள் அவனிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல்முறை. நான் செய்ததெல்லாம், அவன் வாயால் சொன்னதைக் கரும்பலகையில் கூட்டலாகவும் பெருக்கலாகவும் எழுதியது மட்டுமே. எல்லைப்புறப் பள்ளிகளில் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும், பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளும், தங்கள் வீட்டு ஆட்டத்தைத் தங்கள் சொல்லிலேயே சொல்லிக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தை மாதந்தோறும் வையுங்கள். மற்ற நாள்களில் மொழி தடுமாறும் பிள்ளை அன்று ஆசிரியராக நிற்கும்.

ஒன்பதாம் படி: பெற்றோரும் மேலாண்மைக் குழுவும்

“சார், விளையாட்டு வீட்டுலயே ஏராளம் உண்டு, நீங்க படிப்ப மட்டும் சொல்லிக் குடுங்க” என்பார்கள். கோபப்பட வேண்டாம். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்கோ அண்டி ஆபீசு என்னும் முந்திரி ஆலைக்கோ போய், பிள்ளை நம்மைப்போல் கஷ்டப்படக் கூடாது என்று நினைக்கும் தாய் அப்படித்தான் கேட்பாள். பதில் சொல்வதைவிட, அந்தத் தாயையே பல்லாங்குழிக்கு முன்னால் உட்காரவையுங்கள். அவள் ஜெயிப்பாள், அப்புறம் பேச்சு எளிது.

சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். நமது மாவட்டத்தில் மிகுதியாக உள்ள சிறுபான்மையினரின் உதவிபெறும் பள்ளிகளில் அது ஆலோசனைக் குழு மட்டுமே. அங்கே நிர்வாகத்திடமும் தனியே பேச வேண்டும். முதற்படியில் எடுத்த கணக்கைப் பெயர் சொல்லாமல் எண்களாக வைத்து, நேரம், இடம், பொருள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தீர்மானம் எழுதிக் கையொப்பம் பெறுங்கள்.

பத்தாம் படி: மறுபடியும் எண்ணுங்கள்

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அதே நோட்டில், அதே மூன்று பத்திகளில், மீண்டும் ஐந்து நாள். சில பெயர்கள் இடம் மாறியிருக்கும். மாறாத பெயர்களுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். பிள்ளையையே கேட்டு எழுதுங்கள். என் இரண்டாம் கணக்கில் ஒன்பது, மூன்றாகியிருந்தது. அந்த மூவரும் வெள்ளிக்கிழமை விளையாட்டு நேரத்தில் மட்டும் காணாமற்போனவர்கள். விசாரித்தால், மூவரும் மலையோர எஸ்டேட்டுக்குப் போகும் ஒரே பஸ்ஸுக்காகப் பள்ளி விடும் முன்பே கிளம்புகிறவர்கள். விளையாட்டை நாங்கள் கடைசிப் பீரியடில் வைத்திருந்தோம். அடுத்த திங்கட்கிழமை அதை முற்பகல் மூன்றாம் பீரியடுக்கு மாற்றினோம். கணக்கு ஆசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.